வலது காதைத் தொட்டால்

கணக்கு வாத்தியார் வாசிப்பில் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், மேசையின் மறுகோடியிலிருந்து அடுத்த சொல் வந்து விழும். சத்தமாக அல்ல; பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. வாத்தியாருக்கு மட்டும், காதுக்குள் யாரோ உட்கார்ந்து சொன்ன மாதிரி துல்லியமாகக் கேட்கும். அவர் புத்தகத்தைத் தாழ்த்தி முறைப்பார்.

"எனக்கே தெரியும்மா. கமா இருக்குன்னு நிறுத்தினேன்."

"நான் சொல்லலீங்க. வாய் தானா வந்துடுச்சு" என்பார் ஆப்பரேட்டரம்மா, உண்மையிலேயே வருத்தப்பட்டு. அடுத்த பக்கத்தில் வாத்தியாருக்குத் தும்மல் வரும். தும்மி, மூக்கைத் துடைத்து, அவர் புத்தகத்துக்குத் திரும்புவதற்குள் சொல் அங்கே வந்து காத்துக்கொண்டிருக்கும்.

நூலகத்தின் மாடியில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கும் அச்சு முறிந்த உலக உருண்டைக்கும் நடுவே ஒரு நீள மேசை. அதற்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் அதைச் சுற்றி வாசகர் கூட்டம். கூட்டம் என்று நூலகர் பெண் ஒரு மரியாதைக்குச் சொல்கிறாள். கணக்கு வாத்தியார், மருந்துக்கடை அக்கா, ஆப்பரேட்டரம்மா, அவருடைய கணவர் லைன்மேன், நூலகர் பெண் ஆக எண்ணி முடிக்க ஒரு கை விரல் தாராளம். ஜன்னலுக்குக் கீழே பேருந்துகள் திரும்பும் இடம். கீழ்த்தளத்தில் புத்தகத்தில் முத்திரை குத்துகிற டக் டக் சத்தம் மாடிவரை வரும்.

இந்தப் பருவம் அவர்கள் படிப்பது "மாமாவுக்குக் காது கேட்காது" என்ற பழைய மேடை நகைச்சுவை நாடகம். வீட்டுக்குப் பெரியவரான மாமா, சொந்தக்காரர்களின் நச்சரிப்புத் தாங்காமல், ஒருநாள் காலையில் தனக்குக் காது போய்விட்டது என்று அறிவித்துவிடுகிறார். அது பொய் என்று தெரிந்தவன் வேலைக்காரன் ஒருவன்தான். கேட்காத மனிதர் முன்னால் எதைப் பேசினால் என்ன என்று மைத்துனியும் மருமகனும் அவர் மூஞ்சிக்கு நேராகவே, குறட்டை முதல் குணம் வரை, அவரைப் பிய்த்து உதறுகிறார்கள். மூன்றாம் அங்கத்தின் முடிவில் வேலைக்காரன் டீத்தட்டோடு வருகிறான். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். பிறகு, எல்லாரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்த மாமாவிடம் சாதாரணக் குரலில் கேட்கிறான்: "ஐயா, டீ இப்பக் குடுக்கட்டுமா, இல்ல இவங்க பேசி முடிக்கட்டுமா?" மாமாவும் நினைவில்லாமல், "முடிக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறார். திரை.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று வாத்தியார் மூன்று சனிக்கிழமைகளாகக் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருக்கிறார். எதிர்பார்த்ததிலிருந்து நடந்ததைக் கழித்தால் வருகிற மீதிதான் சிரிப்பாம்.

"எனக்கு இந்த மீதி கீதியெல்லாம் தெரியாதுங்க. குறட்டைன்னு சொன்னாலே சிரிப்பு வந்துடுது" என்றார் மருந்துக்கடை அக்கா. மருந்துச் சீட்டைப் படிக்கும்போதுகூடச் சிரிக்கிற ஆள் அவர்.

வாத்தியார் விடவில்லை. கழித்தலிலிருந்து வகுத்தலுக்குப் போனார். அப்போது ஆப்பரேட்டரம்மா தலையை வலப்பக்கமாகச் சாய்த்து, வெண்ணெய் போன்ற குரலில், "மூணு நிமிஷம் ஆச்சுங்க. இன்னும் பேசறீங்களா?" என்றார். வாத்தியாரே சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சாய்ந்த தலையும் அந்தக் கேள்வியும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தவை. ஊர் விட்டு ஊர் பேச வேண்டுமானால் ஒரு ஆப்பரேட்டர் நடுவில் உட்கார்ந்து கம்பியைச் சேர்த்துவைத்து, மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து கேட்க வேண்டியிருந்த காலம். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை, பலகை முழுக்கத் துளைகள், துளைகளில் செருகி எடுக்க முனையில் பித்தளை வைத்த கயிறுகள். வலது காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் அம்மா ரப்பர் செருப்போடு நடந்துகொண்டே இருப்பார். செருப்புச் சத்தமும் கேட்காது, வந்து நிற்பதும் தெரியாது. குரல் உயரக் கூடாது. தெளிவும் குறையக் கூடாது. பக்கத்துப் பெண்ணுக்குத் தொந்தரவு இல்லாமல், கம்பியின் மறுமுனையில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். ஆப்பரேட்டரம்மா அதில் கெட்டிக்காரி. பிரசவச் செய்தி, வேலை கிடைத்த செய்தி, சாவுச் செய்தி எல்லாம் ஒரே மாதிரிப் பதமான குரலில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்.

எக்ஸ்சேஞ்ச் ஊழியர்களின் மனமகிழ் மன்றத்தில் நாடகம் போடலாம் என்று பேச்சு எழுந்தபோது, தொலைபேசிக்காரர்கள் காது கேளாத மாமாவைப் போடுவதுதான் பொருத்தம் என்று சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். மைத்துனி வேடத்துக்கு முதலில் இவரைத்தான் கேட்டார்கள். ஒத்திகையில் மேடைமீது ஏறினார்; ஏறிய வேகத்திலேயே "எனக்குத் தலை சுத்துது" என்று இறங்கிவிட்டார். இறங்கிய கையோடு, புதிதாக வந்த மைத்துனி தடுமாறியபோது கீழே நின்றபடி அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே பிராம்ப்டர் வேலை அவருக்கென்று ஆகிவிட்டது.

பக்கத் திரைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி அவருடைய ஆசனம். வெளிச்சம் மேடைக்குத் தெரியாமலிருக்க டார்ச்சில் நீலக் காகிதம் சுற்றியிருக்கும். மடியில் புத்தகம், வரிமீது விரல். நடிகர் பேசப்பேச விரல் நகரும். பிராம்ப்டர் தலைதூக்கிப் பார்க்கக் கூடாது, சிரிக்கவே கூடாது. சிரித்தால் விரல் வரியை விட்டு நழுவிவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் எவனாவது மறந்து தொலைப்பான்.

"ஏம்மா, இத்தன தடவ பாத்திருக்கீங்க, உங்களுக்குச் சிரிப்பே வரலையா?" என்று மருந்துக்கடை அக்கா கேட்டார்.

"எங்க பாத்தேன்? கேட்டேன். அவ்வளவுதான். ஜனங்க சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் கண்ணு புஸ்தகத்துல."

சொன்னது பொய்யில்லை. நாடகம் எதைப் பற்றியது, மாமா நல்லவரா கெட்டவரா என்று நூலகர் பெண் கேட்டால் ஆப்பரேட்டரம்மா பேந்தப் பேந்த விழிப்பார். முந்தின வசனத்தைச் சொன்னால் பிந்தின வசனத்தைச் சொல்லத் தெரியும். மற்றபடி அந்த நாடகம் அவருக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம்.

முதல் மேடையேற்றத்தின் கதையை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லைன்மேனின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"இவருதான் வேலைக்காரன் வேஷம். டீத்தட்டத் தூக்கிட்டு வந்தாரு. நின்னாரு. நிக்கறாரு நிக்கறாரு, பேச்சக் காணோம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மறந்துட்டாருன்னு நெனச்சு, 'ஐயா, டீ இப்பக் குடுக்கட்டுமா'ன்னு எடுத்துக் குடுத்தேன். என் தலைக்கு மேலதான் மைக்கு தொங்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஹால் பூரா என் குரலு! ஜனங்க முழிக்கறாங்க. இந்த மனுஷன் இருக்காரே, திரும்பிக்கூடப் பாக்கல. தட்டக் கையில வச்சுக்கிட்டே, 'ஆப்பரேட்டர், லைன் பிஸி. அப்புறம் கூப்பிடுங்க'ன்னாரு. அவ்வளவுதான். எல்லாம் நம்ம ஆபீஸ் குடும்பங்கதானே? நாற்காலியிலேருந்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் ஒப்பனை ரூம்ல போய் அழுதேன்."

லைன்மேன் இதைக் கேட்டு வாயின் இடது ஓரத்தால் சிரிப்பார். வலது ஓரம் போன வருடம் முதல் அவர் சொல் கேட்பதில்லை.

அவர் அந்தக் காலத்தில் கம்பத்தில் ஏறுகிறவர். இடுப்பில் வார், தோளில் கம்பிச் சுருள். பழுது பார்த்து முடித்ததும் கம்பத்து உச்சியிலேயே கையடக்கக் கருவியைக் கம்பியில் மாட்டி, வலது காதில் வைத்து, எக்ஸ்சேஞ்சை அழைத்து, "ஆப்பரேட்டர், கேக்குதா?" என்று கேட்க வேண்டும். "கேக்குது" என்று பதில் வந்தால் இறங்கலாம். அந்த நாடகத்துக்கு மறுநாள் அவர் கம்பத்திலிருந்து அழைத்தபோது ஆப்பரேட்டரம்மா கயிற்றைப் பிடுங்கிவிட்டார். மறுபடி அழைத்தார். மறுபடி பிடுங்கினார். வெயிலில் மனிதரைக் கம்பத்து மேலேயே காயப்போட்டு, சூப்பர்வைசர் அம்மாவின் மூச்சு பின்கழுத்தில் பட்ட பிறகுதான் "கேக்குது" என்றார்.

சாயங்காலம் அவர் நேரே வந்து நின்றார். "நான் மறக்கலீங்க. அங்க சும்மா நிக்கணும். நின்னாத்தான் சிரிப்பு ஏறும். நீங்க பாதியில பூந்து அதக் கலைச்சிட்டீங்க."

"நீங்க நிக்கறீங்களா மறந்துட்டீங்களான்னு பெட்டி மேல உக்காந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. இருவரும் அங்கேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உண்மையிலேயே மறந்துவிட்டால் அவர் வலது கையால் வலது காதைத் தொடுவார். தொட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். தொடாவிட்டால், வானமே இடிந்து விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. விரல் வரியில் இருக்கட்டும். ஓரக்கண் ஒன்று மட்டும் அந்தக் காதில் இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு பக்கத்து ஊர்களின் எக்ஸ்சேஞ்சுகளிலெல்லாம் அந்த நாடகம் போட்டார்கள். லைன்மேன் ஒருமுறைகூடக் காதைத் தொடவில்லை. தட்டோடு வருவார், நிற்பார், கூடத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு சிரிப்புக் கிளம்பும், அது பரவும், கூரையைத் தொடும், அது இறங்குகிற பதம் பார்த்து அவர் வாயைத் திறப்பார். பெட்டி மேல் குனிந்திருந்தவருக்கு அந்த மௌனத்தின் நீளம் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த மௌனத்தில் அவர் முகத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது.

ஒரே ஒரு நாள், கடைசியாகப் போட்ட ஊரில், அந்த இடத்தில் வலது கை எழும்பிக் காதைத் தொட்டது. ஆப்பரேட்டரம்மா வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அவரும் ஒழுங்காகச் சொன்னார், திரையும் விழுந்தது. "உங்களுக்கா மறந்துச்சு?" என்று பதறிக் கேட்டதற்கு, பவுடர் முகத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு அவர் சொன்ன பதில் இது: "மறக்கல. நாளைலேருந்து நாடகம் இல்ல. உன் குரலக் கேக்கணும்போல இருந்துச்சு." அதுவரை நீங்களாக இருந்தவர் நீயானதை ஆப்பரேட்டரம்மா கவனித்தார், கவனிக்காதது மாதிரி டார்ச்சை அணைத்தார். அதன் பிறகு நடந்தது கல்யாணம். இந்தப் பகுதியை அவர் கூட்டத்தில் சொல்வதில்லை. மருந்துக்கடை அக்கா துருவித் துருவிக் கேட்டதில் ஒருநாள் மாடிப்படியில் வைத்துச் சொன்னார்.

இவ்வளவும் பழைய கதை. இப்போதைய கதை இரண்டு வரிதான். போன வருடம் லைன்மேனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. வார்த்தை தொண்டைக்கு வந்து வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டது.

புத்தி தெளிவாக இருக்கிறது. எல்லாம் புரிகிறது. சொல் இருக்கிற இடம் தெரிகிறது, எடுக்க நேரமாகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் முதல் நாளே ஆப்பரேட்டரம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டாள்: "அவருக்குச் சொல் வர நேரமாகும்மா. நீங்க காத்திருக்கணும். எவ்வளவு நேரமானாலும் நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. குடுத்தீங்கன்னா அவரு தேடறதையே விட்டுடுவாரு."

யாரிடம் போய் என்ன சொன்னாள் பாருங்கள்.

லைன்மேன் "த" என்று வாயெடுப்பதற்குள் தண்ணீர்ச் செம்பு கைக்கு வந்துவிடும். "ஜ" என்றால் ஜன்னல் திறந்துவிடும். வந்தவர்கள் அவரிடம் நலம் கேட்டால் பதில் பக்கத்திலிருந்து வரும். தன் வாயைக் கட்ட ஆப்பரேட்டரம்மா பெப்பர்மிண்ட் மிட்டாயை அடக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டே நாளில் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பேசப் பழகிக்கொண்டார். பழக்கம் என்று அதைச் சொல்வதுகூடத் தவறு. எதிரில் இருப்பவர் தடுமாறி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவர் அகராதியில் கொலைபாதகம். கொஞ்சம் கொஞ்சமாக லைன்மேன் வாயெடுப்பதையும் விட்டார். திரும்பிப் பார்த்தாலே காரியம் நடக்கிறதே, எதற்கு வீண் பாடு?

போன மாதம் வந்த மகள் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெடித்தாள். "அப்பாவுக்கு வாய் இருக்கும்மா. நீதான் அதுக்கு முன்னாடி நந்தி மாதிரி நிக்கறே. கொஞ்சம் தள்ளேன்!"

மகள் போன பிறகு ஆப்பரேட்டரம்மா சமையலறையில் நின்று அழுதார். ஒப்பனை அறையில் அழுததற்குப் பிறகு அப்படி அழுததில்லை. லைன்மேனின் குரல் திரும்பி வருமா என்பது ஒரு கவலை. வருகிற குரலைத் தானே வாசலில் மறித்துக்கொண்டிருக்கிறோமோ என்பது அதைவிடப் பெரிய கவலை. முதல் நாள் மைக்குக்குக் கீழே செய்த அதே தப்பு. அன்றைக்குக் கெட்டது ஒரு சிரிப்பு, இன்றைக்குக் கெட்டுக்கொண்டிருப்பது மனிதர்.

மறுநாளே நூலகத்துக்குப் போய் அடுத்து அந்த நாடகத்தைப் படிக்கலாமா என்று நூலகர் பெண்ணிடம் கேட்டார். ஏன் என்று சொல்லவில்லை. லைன்மேனைப் படிப்படியாக மாடிக்கு ஏற்றி, ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, தான் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துகொண்டார். மேடையில் அவர் நின்றால் பெட்டி இருந்த பக்கம் அது.

முதல் அங்கம் போனது. இரண்டாம் அங்கம் போனது. லைன்மேன் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குக் கிடைக்க வேண்டிய சொற்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

கடைசிச் சனிக்கிழமை மூன்றாம் அங்கம். மைத்துனி மருந்துக்கடை அக்கா, மருமகன் நூலகர் பெண். மாமாவுக்கு வசனமே அதிகமில்லை என்பதால் மாமாவும் வேலைக்காரனும் வாத்தியார். அக்கா கை நீட்டி நீட்டி மாமாவைத் திட்டித் தீர்த்தார். வேலைக்காரன் வருகிற இடம் வந்தது. வாத்தியார் கணக்கில் அடுத்த வரிக்குப் போகிற மாதிரி, அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து ஒரே மூச்சில் படித்தார்: "ஒவ்வொருவராகப் பார்க்கிறான், ஐயா டீ இப்பக் குடுக்கட்டுமா இல்ல இவங்க பேசி முடிக்கட்டுமா, முடிக்கட்டும், திரை."

யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடை அக்காவே சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சப்பென்று போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் நூலகர் பெண்.

மேசையில் ஓர் அறை விழுந்தது. லைன்மேனின் இடது கை. "ம்ஹூம்!" என்றார். அவர்கள் வீட்டில் ஒரு வருடமாகக் கேட்காத கோபம் அது. இடது கையால் மேசைமேல் கூட்டத்துக்காக வந்திருந்த டீத்தட்டைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார்.

நூலகர் பெண் கோப்பைகளை இறக்கிவிட்டு வெறும் தட்டைக் கொடுத்தாள். லைன்மேன் எழுந்து, இடுப்பை மேசையில் சாய்த்து நின்று, தட்டை இடது கையில் ஏந்தினார். வலது கை பக்கத்தில் தொங்கியது. ஆப்பரேட்டரம்மா கண்ணாடியை மாட்டி, புத்தகத்தை மடிக்கு இழுத்து, அந்த வரியில் விரலை வைத்துக் குனிந்துகொண்டார். எத்தனை வருடம் கழித்தும் உடம்பு தானாக அப்படித்தான் குனிந்தது.

அக்கா கடைசித் திட்டைத் திட்டி முடித்தார். பேச்சு நின்றது.

மின்விசிறி டிக் டிக் என்றது. கீழே ஒரு பேருந்து பின்வாங்கியது. முத்திரைச் சத்தம் கேட்டது, நின்றது. ஆப்பரேட்டரம்மாவுக்குத் தெரிந்த மௌனத்தின் நீளம் முடிந்துபோனது. அதற்கு மேலும் மௌனம் நீண்டது. ஓரக்கண்ணால் காதைப் பார்த்தார். காதுக்குக் கை போகவில்லை. ஆனால் அந்தக் கை இனி எங்கும் போகாது. அன்றைக்கு அது சும்மா இருந்தால் நினைவிருக்கிறது என்று அர்த்தம், இன்றைக்கு அதற்கு அர்த்தமே இல்லை. மறந்து நிற்கிறாரா, நிறுத்தி நிற்கிறாரா? நாலு பேர் முன்னால் தோற்று உட்காரப்போகிறாரா? சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. "ஐயா" என்று ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும், மற்றது வந்துவிடும். ஒன்றே ஒன்று. குடியா முழுகிவிடும்?

பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை. நல்ல மனிதர், இரக்கப்பட்டு, புத்தகத்தைத் தூக்கி, "ஐ..." என்று தொடங்கினார்.

"லைன் பிஸிங்க" என்றது ஒரு குரல். சத்தமாக அல்ல. வாத்தியாருக்கு மட்டும் கேட்டது. அவர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

அவரைத் தடுக்கத் தலையைத் தூக்கிய ஆப்பரேட்டரம்மா, தூக்கின தலையைக் குனிய மறந்துவிட்டார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலாக லைன்மேனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் மறந்து நிற்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார். மருந்துக்கடை அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அதில் மரியாதை இருந்தது, கொஞ்சம் அனுதாபம் இருந்தது, 'ஐயோ பாவம், இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுக்குவீங்க' என்பது இருந்தது. நூலகர் பெண்ணைப் பார்த்தார். இடது புருவம் மட்டும் ஏறியது. வலது புருவம் ஏறாமல் அப்படியே நின்றதில் அது இன்னும் மோசமான வேலைக்காரனாக, எல்லாம் தெரிந்த வேலைக்காரனாக இருந்தது. பிறகு மிக மெதுவாக வாத்தியார் பக்கம், மாமா பக்கம், திரும்பினார்.

மருந்துக்கடை அக்காவின் தோள்தான் முதலில் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார், பயனில்லை. நூலகர் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொரு சிரிப்பும் கேட்டது, மூச்சுத் திணறலும் விக்கலுமாக, பழக்கமில்லாத ஒரு சிரிப்பு. யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆப்பரேட்டரம்மாவின் விரல் வரியை விட்டு நழுவிப் பக்கத்துக்கு வெளியே போயிருந்தது. இதற்காகவா? இத்தனை வருடமும் எல்லாரும் சிரித்தது இந்த முகத்தைப் பார்த்தா? என் மனுஷனா இது? கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

சிரிப்பு இறங்குகிற பதம் பார்த்து லைன்மேன் வாயைத் திறந்தார்.

"ஐயா." நிறுத்தினார். "டீ... இப்பவா?" உதடு அடுத்த சொல்லைத் தேடியது. "இவங்க... மு... முடிக்கட்டுமா?"

"முடிக்கட்டும்" என்றார் வாத்தியார், தன்னை மறந்து, புத்தகத்தைப் பார்க்காமலேயே. அப்போது எழுந்த ஆரவாரத்தில் கீழ்த்தளத்திலிருந்து யாரோ படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லைன்மேனை உட்காரவைத்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை. தட்டை விடவில்லை. நூலகர் பெண் அதை மெதுவாக வாங்கிக்கொண்ட பிறகும் அவர் ஆப்பரேட்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வேண்டும் என்கிற பார்வை. அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

வாத்தியார் பதறிப்போய்ப் பக்கத்தைப் புரட்டினார். "இதுக்கப்புறம் வசனம் இல்லையே. திரைன்னுதான் போட்டிருக்கு. அவ்வளவுதான்."

லைன்மேன் இடது கையைத் தூக்கினார். அது முகத்துக்குக் குறுக்கே மெல்லப் போய், வலது காதைத் தொட்டது.